கோணி ஊசியும் தொடர்கதையும்

உங்கள் வீட்டுப் பரணிலோ பழைய டிரங்குப் பெட்டியிலோ இப்படி ஒரு புத்தகம் இருக்கிறதா, பாருங்கள். அச்சடித்த அட்டை இராது. முதுகில் காலிகோத் துணி ஒட்டியிருக்கும். அதுவும் பாதி பிரிந்திருக்கும். தலைப்பு மசிப் பேனாவினால் எழுதியதாக இருக்கும். திறந்தால் முதல் பக்கத்தின் எண் பதினேழு. சில தாள்கள் தள்ளி நாற்பத்திரண்டு. அதற்கப்புறம் மறுபடியும் பதினைந்து! பதிப்பகத்தின் பெயரைத் தேடினால் கிடைக்காது, விலையும் கிடைக்காது.

அச்சாபீஸ்காரர் குளறுபடி செய்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். உங்கள் பாட்டியோ அத்தையோ பெரியம்மாவோ வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதையை மட்டும் பிரித்தெடுத்துத் தைத்து வைத்த புத்தகம் அது.

பெண்களின் கைவேலை என்று பேச்சு எடுத்தால் கோலம், கொலு, பின்னல், மணிவேலை, வயர் கூடை என்று ஒரு ஜாபிதா தவறாமல் வரும். இந்தத் தையல் மட்டும் அதில் இடம் பெறுவதில்லை. காரணம் தெரிந்ததுதான். கண்ணாடி அலமாரியில் வைத்து, வந்தவர்களுக்குக் காட்டுகிற சாமான் அல்லவே இது! மத்தியானம் அடுப்படி ஓய்ந்தபின், கூடத்துத் தூணில் சாய்ந்துகொண்டு இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை படிப்பதற்காகத் தனக்கென்று செய்து கொண்டது. என் அபிப்பிராயத்தில் வயர் கூடையைவிட இதற்கு யோசனை அதிகம் வேண்டும். கூடைக்கு மாதிரி உண்டு. எதிர்வீட்டுக் கூடையைப் பார்த்துப் பின்னிவிடலாம். இதற்கு ஒவ்வொரு வாரமும் புதிதாக முடிவு செய்ய வேண்டியிருந்தது.

ஏன் இத்தனை பாடு என்று கேட்பீர்கள். ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' கல்கி வார இதழில் 1950 அக்டோபர் 29-ல் ஆரம்பித்து 1954 மே 16-ல் முடிந்தது. மூன்றரை வருஷம், ஐந்து பாகம், 293 அத்தியாயம். தொடங்கியபோது கைக்குழந்தையாக இருந்தது, முடிந்தபோது ஓடியாடி வீட்டைத் தலைகீழாக்கிக் கொண்டிருக்கும்! நடுவில் யாராவது, "ஆமாம், அந்த மந்திரவாதி முதலில் எங்கே வந்தான்?" என்று கேட்டுவிட்டால் பழைய இதழ்களுக்கு எங்கே போவது? பரணில் மூன்று வருஷத்து இதழ்களை முழுசாக அடுக்குவதற்கு எல்லார் வீட்டிலும் இடம் இருந்ததா? புத்தகமாக வரும் வரையில் காத்திருந்து வாங்குவதென்றால், அது கல்யாணச் செலவைப்போல் யோசித்துச் செய்கிற காரியமாகப் பல வீடுகளில் இருந்தது. வாரப் பத்திரிகை அப்படியில்லை. பால் கணக்கு, மளிகைக் கணக்கோடு கணக்காக அதுவும் வந்துவிடும். ஆகவே, வந்ததையே புத்தகமாக்கிக் கொண்டார்கள்.

இது நம் ஊர்ப் பெண்கள் மட்டும் கண்டுபிடித்த உபாயம் என்று சொல்லமாட்டேன். 1836-ல் லண்டனில் சார்லஸ் டிக்கன்ஸின் முதல் நாவல் மாதாமாதம் ஒரு ஷில்லிங் விலையில் மெல்லிய பகுதிகளாக வந்தபோது, அதை வாங்கியவர்களும் கடைசிப் பகுதி கைக்கு வந்ததும் பைண்டரிடம் கொடுத்துக் கட்டிக் கொண்டார்கள். ஆனால் அங்கே வந்தது ஒரே கதை. நம் வீட்டம்மாளுக்கு வந்ததோ கதையோடு துணுக்கு, ஜோசியம், சமையல் குறிப்பு, கூந்தல் தைல விளம்பரம், இன்னும் இரண்டு தொடர்கதை எல்லாம் கலந்த கதம்பம். அதிலிருந்து ஒரு பூவை மட்டும் பிரித்துத் தனி மாலை கட்ட வேண்டும்.

முதல் சங்கடம் அக்கம்பக்கத்தார். பத்திரிகை ஒரு வீட்டில் வாங்கினால் நாலு வீட்டில் படிப்பார்கள். "மாமி, படிச்சாச்சா?" என்று வெள்ளிக்கிழமையே பின்கட்டிலிருந்து குரல் வந்துவிடும். சுற்றுக்குப் போன இதழ் திரும்பி வந்த பிறகுதான் பிரிக்க முடியும். வருமா என்பது முதல் கேள்வி. அட்டையோடு வருமா என்பது இரண்டாவது. மாம்பலத்தில் நான் பார்த்த ஒரு தொகுப்பில் இரண்டு தாள்களில் வட்டமாகக் காப்பிக் கறை படிந்திருந்தது. "எங்காத்து டம்ளர் இல்லை இது. எங்காத்து டம்ளர் இன்னும் சின்னது" என்று அந்த மாமி ஐம்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகும் கோபமாகச் சொன்னார்!

அடுத்தது, பிரிக்கும் வேலை. வாரப் பத்திரிகையின் நடு மடிப்பில் இரண்டு கம்பிப் பின் அடித்திருக்கும். அவசரப்பட்டு ஒரு தாளை வெடுக்கென்று இழுத்தால், பின்பாதியில் அதன் ஜோடித் தாளும் கழன்று விழும். ஆகையால், தெரிந்தவர்கள் முதலில் பின்னின் கால்களை நிமிர்த்திவிட்டு, முழுத் தாளாக உருவி எடுத்து, மடிப்பின் மேல் கத்தியை ஓட்டுவார்கள். ஜோடித் தாளில் என்ன இருக்கிறது என்று பார்த்துக் கொள்வார்கள். சில சமயம் அதில் நல்ல கோலம் ஒன்று இருக்கும். அது கோல நோட்டுக்குப் போகும்.

இனிமேல்தான் உண்மையான சிக்கல். ஒரு தாளின் முன்பக்கத்தில் ஒரு தொடர்கதையின் கடைசிப் பத்திகள். அதே தாளின் பின்பக்கத்தில் இன்னொரு தொடர்கதையின் ஆரம்பம், படத்தோடு. இரண்டும் வேண்டிய கதைகள். தாளை இரண்டாகப் பிளக்க முடியாது. என்ன செய்வது? எந்தக் கதை உசத்தி என்று அங்கே தீர்மானம் செய்தாக வேண்டும். தோற்ற கதைக்கு அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைச் செருகி, விட்டுப்போன வரிகளைக் கையால் எழுதி வைப்பார்கள். அக்கா ஒரு கதைக்கும் தங்கை இன்னொரு கதைக்கும் கட்சி கட்டிக்கொண்டு, பிறகு அடுத்த வீட்டு இதழை விலைக்கு வாங்கிச் சமாதானமான கதையும் உண்டு. பத்திரிகைக் காரியாலயத்தில் உட்கார்ந்து பக்கம் அமைக்கிற நாங்கள், இப்படி ஒரு வீட்டில் சண்டை மூட்டுகிறோம் என்று எண்ணிப் பார்ப்பதே இல்லை.

தாள்கள் சேர்ந்த பிறகு தையல். வரிசைப்படி அடுக்கி, அம்மிக் குழவியையோ டிரங்குப் பெட்டியையோ மேலே தூக்கி வைத்து இரண்டு நாள் அழுத்துவார்கள். பிறகு இடது ஓரத்தில் ஆணியால் மூன்று அல்லது ஐந்து துளை. மெழுகு தடவி முறுக்கிய நூலைக் கோணி ஊசியில் கோத்து, நடுத் துளையில் ஆரம்பித்து மேலும் கீழும் போய் நடுவிலேயே முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு ஓரத்தில் வந்தால் புத்தகம் கோணிக் கொள்ளும். மேலே காலிகோத் துணி, மைதாப் பசை. பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலப்பதுண்டு. துத்தம் விஷம். அதனால் இந்தப் பழைய தொகுப்புகளைத் தொட்ட கையோடு முறுக்குச் சாப்பிட உட்காராதீர்கள். குழந்தைகள் கைக்கும் எட்ட வைக்காதீர்கள்.

வசதி இருந்தவர்கள் தெருக்கோடி பைண்டரிடம் கொடுத்தார்கள். அவர் மார்பிள் காகிதம் ஒட்டி, மூன்று பக்கமும் சீராக வெட்டி, அழகாகத்தான் கொடுத்தார். வெட்டுகிற வெட்டில் பக்கத்தின் தலையிலிருந்த தேதியும் போய்விட்டது! ஆகவே, பல தொகுப்புகள் எந்த வருஷத்தவை என்று வீட்டாருக்கே தெரிவதில்லை.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. கதையை விட்டுவிட்டுப் பின்பக்கங்களைப் பாருங்கள். விளம்பரத்தில் சோப்பின் விலை அணாவில் இருந்தால் அது பெரும்பாலும் 1957-க்கு முந்தியது. அந்த வருஷம் ஏப்ரல் முதல் தேதியன்றுதான் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்ற கணக்கு வந்தது. 'ந.பை.' என்றிருந்தால் அதற்கும் 1964-க்கும் நடுவில். அந்த வருஷம் ஜூனில் 'நயா' போய் வெறும் பைசா ஆயிற்று. சமையல் குறிப்பில் ஆழாக்கும் பலமும் வருகிறதா, கிராமும் லிட்டரும் வருகிறதா என்பதும் ஒரு தடயம்தான். ஆனால் இதை முழுக்க நம்ப முடியாது. மெட்ரிக் அளவு சட்டப்படி வந்து வெகுகாலம் வரை ஆழாக்கை விட நம் வீடுகள் சம்மதிக்கவில்லை. விலாசத்தில் வெறும் 'சென்னை-4' என்று இருந்தால் பழையது. '600 004' என்று ஆறு இலக்கம் இருந்தால் 1972 ஆகஸ்டு 15-க்குப் பிந்தியது, அன்றுதான் பின்கோடு வந்தது. எழுத்தையும் கவனியுங்கள். 'லை', 'னை' இவற்றில் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைந்த கொம்பு இருந்தால் பழைய அச்சு. அதை மாற்றிய அரசாணை 1978-ல் வந்தது. பத்திரிகைகள் கைவிட இன்னும் சில காலம் பிடித்தது.

இப்படிப் பின்பக்கங்களை ஆராய்வதில் வேறொரு சுவாரஸ்யமும் உண்டு. அவை யாரும் தேர்ந்தெடுக்காதவை. தைத்தவர் கதைக்காகத்தான் தாளை எடுத்தார். முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தவை எல்லாம் டிக்கெட் வாங்காத பிரயாணிகள். ஒரு தொகுப்பில், '... நன்றாகச் சிவந்ததும் இறக்கிச் சூடாகப் பரிமாறவும்' என்று ஒரு குறிப்பு முடிகிறது. எது சிவந்தது என்பது வேறு தாளில் போய்விட்டது. இன்னொன்றில் ஒரு ஹாஸ்யத் துணுக்கின் கேள்வி மட்டும் இருக்கிறது, பதில் இல்லை. நானும் இரண்டு வாரமாக யோசித்துக் கொண்டிருக்கிறேன்.

"இதெல்லாம் புத்தகமாகவே கிடைக்கிறதே! கைபேசியில்கூடக் கிடைக்கிறதே!" என்று நீங்கள் சொல்லக்கூடும். கதை கிடைக்கிறது, வாஸ்தவம். கல்கியின் எழுத்துக்கள் 1999-ல் நாட்டுடைமை ஆக்கப்பட்ட பிறகு எத்தனையோ பதிப்புகள் வந்துவிட்டன. ஆனால் மலிவுப் பதிப்புகள் பலவற்றில் படம் கிடையாது. 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம் வாராவாரம் வரைந்தார். வந்தியத்தேவன் எப்படி இருப்பான், குந்தவையின் கொண்டை எப்படி இருக்கும் என்றெல்லாம் அன்றைய வாசகிகளுக்குக் காட்டியவர் அவர். ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் எழுதிய 'தில்லானா மோகனாம்பா'ளுக்குக் கோபுலு வரைந்தார். 1968-ல் சினிமா வருவதற்குப் பத்து வருஷம் முந்தியே மோகனாவும் சண்முகசுந்தரமும் கோபுலுவின் கோடுகளில் வீடு வீடாக வந்து போய்விட்டார்கள். எழுத்தும் படமும் விளம்பரமும் அக்கம்பக்கமாக எப்படி இருந்தன என்பதை அந்த இதழ்த் தாள்தான் காட்டும்.

மேலும், எல்லாக் கதைகளுக்கும் 'பொன்னியின் செல்வ'னின் அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925-லிருந்து 'ஜகன்மோகினி'யை நடத்தி, அதில் தாமே தொடர்கதைகள் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள். அவற்றில் எத்தனையை இன்று உங்கள் பக்கத்துப் புத்தகக் கடையில் கேட்டு வாங்க முடியும்? பத்திரிகைகளில் எழுதிய பெண்கள் இன்னும் எத்தனையோ பேர். ஒரே பதிப்போடு நின்ற கதைகள் உண்டு. புத்தகமாகவே வராமல் இதழோடு போன கதைகள் உண்டு. அப்படிப்பட்ட ஒரு கதை முழுசாக இருக்கிற இடம் ஏதாவது ஒரு வீட்டுப் பரண்தான் என்று ஆகிவிடலாம்.

பரணின் மதிப்பைத் தெரிந்து கொண்டவர் ஒருவர் இருந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிக் கொண்டிருந்த ரோஜா முத்தையா. பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ் என்று மற்றவர்கள் குப்பை என்று தள்ளியதை எல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விடாமல் தமிழ்நாட்டிலேயே வைத்தார்கள். 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உண்டாயிற்று. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் தங்கள் சொந்தப் பிரயாசையில் 'ஞானாலயா'வைச் சேர்த்தார்கள். இவர்களுடைய பெயர் நமக்குத் தெரிகிறது, தெரியத்தான் வேண்டும். கோணி ஊசியோடு உட்கார்ந்தவர்களின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. தொகுப்பின் அட்டையில் கதாசிரியர் பெயரை முத்து முத்தாக எழுதியிருப்பார்கள். தம் பெயரின் முதலெழுத்தைக்கூடப் போட்டிருக்க மாட்டார்கள்.

பெயர் இல்லாவிட்டாலும் ஆள் இருப்பது தெரியும். திருச்சியில் ஒரு வீட்டில் பார்த்த தொகுப்பைச் சொல்கிறேன். அதைத் தைத்த பெரியம்மா தலைப்பிரசவத்துக்குப் பிறந்தகம் போயிருந்த சமயத்தில் மூன்று இதழ்கள் தவறிவிட்டன. எங்கிருந்தோ இரவல் வாங்கி, மூன்று அத்தியாயங்களையும் பள்ளிக்கூட நோட்டுத் தாளில் எழுதிச் சேர்த்திருக்கிறார். படம் வரையத் தெரியாது போலிருக்கிறது. படம் இருந்த இடத்தில், இருந்த அளவுக்கே, ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டு அதற்குள், 'இங்கே படம். ஓடத்தில் இரண்டு பேர். அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை' என்று எழுதியிருக்கிறார். இன்னும் சில பக்கங்கள் தள்ளி ஓரத்தில் பென்சிலால், 'பால் ஒன்றரைப் படி பாக்கி'. கதாநாயகி எல்லாவற்றையும் மன்னித்துப் புருஷன் வீட்டுக்குத் திரும்புகிற அத்தியாயத்தின் ஓரத்தில் அதே பென்சிலால், 'இது நியாயமில்லை'. அந்தக் காலத்தில் பத்திரிகைக்கு வந்த வாசகர் கடிதங்களில் இந்த அபிப்பிராயம் இருந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

அந்த வீட்டுப் பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். "பாட்டி, இந்தக் கதை முழுக்க ஃபோனிலேயே இருக்கு" என்றாள்.

"இருக்கட்டுமே. அதிலே உங்கம்மா நாலு வயசிலே அந்த ராணிக்கு மீசை போட்டாளே, அது இருக்கா?" என்றார் பாட்டி. மீசை நீல மசியில் பளிச்சென்று இருக்கிறது.

விஷயம் என்னவென்றால், இந்தத் தொகுப்புகளுக்கு இன்னும் அதிக ஆயுள் இல்லை. மலிவான பத்திரிகைக் காகிதம் மரத்தை அப்படியே அரைத்துச் செய்தது. மரத்திலுள்ள லிக்னின் என்ற சத்து அதில் தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுக்கும். நாளாக ஆக அமிலம் ஏறி, புரட்டினால் அப்பளம் மாதிரி ஒடியும். கழற்றாமல் விட்ட கம்பிப் பின் துருப்பிடித்துச் சுற்றிலும் தின்றுகொண்டு போகும். பசையின் ருசி கண்ட இராமபாணப் பூச்சி முதுகிலிருந்து ஆரம்பிக்கும். இவை எல்லாம் போதாதென்று வீடு மாற்றும் சமயத்தில் பழைய பேப்பர்க்காரர் தராசோடு வாசலில் நிற்பார். எத்தனையோ தொகுப்புகளுக்கு மூலமான கல்கி வார இதழே 2020-ல் அச்சில் நின்றுவிட்டது.

கையில் இருப்பவர்கள் செய்யக் கூடியது கொஞ்சம்தான். செய்யக் கூடாதது அதிகம். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் டேப் உரிந்து விழும், அதன் பசை மட்டும் மஞ்சளாகத் தாளில் ஊறி நிற்கும். லாமினேஷன் கடைக்கும் கொண்டு போகாதீர்கள். துருப்பிடித்த பின்னைப் பிடுங்காமல், காலை மெல்ல நிமிர்த்தி உருவுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றிப் படுக்க வையுங்கள். செங்குத்தாக நிறுத்தினால் தையல் இழுபடும். வேப்பிலை, வசம்பு வைப்பதானால் துணிக்கு வெளியே வையுங்கள். தாளுக்கு நடுவில் வைத்த இலை தன் கறையை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். வீட்டில் வைக்க இடமில்லை, எடைக்குத்தான் போட வேண்டும் என்ற நிலைமை வந்தால், அதற்கு முன்னால் ஒரு நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். வேண்டாம் என்று பதில் வந்தால் ஒரு தபால் செலவோடு போயிற்று.

கைபேசியில் படம் எடுத்து வைப்பதானால் கதைப் பக்கத்தை மட்டும் எடுக்காதீர்கள். பின்பக்கத்தையும், ஓரத்து எழுத்தையும், கையால் எழுதிச் செருகிய தாளையும் சேர்த்து எடுங்கள். தைத்தவர் இன்னும் இருந்தால் ஒரு மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: எந்த வருஷம், எந்த ஊர், எந்த இதழ் தவறிப் போயிற்று, எந்த வீட்டு டம்ளர். கேட்டதை உள்ளட்டையில் எழுதி, அவர் பெயரையும் போடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மசி இந்தக் காகிதத்தில் ஊறி மறுபக்கம் வந்துவிடும்.